முதல்முறையாகக் கெக்கோ வளர்ப்பவர்கள் என்னிடம் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒரு கெக்கோ இருக்கிறது என்று சொன்னாலே கேள்விகள் வரிசையாக வந்துவிடும். புதிதாக வாங்கியவர்கள், வாங்கலாமா என்று யோசிப்பவர்கள், வாங்கி ஒரு வாரத்தில் பதறிப்போனவர்கள் என்று எல்லோரும் கேட்பது ஏறக்குறைய ஒரே இருபத்தைந்து சந்தேகங்களைத்தான். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகத் தட்டச்சு செய்வதை விட்டுவிட்டு, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளைப் போட்டு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என்னிடம் இருக்கும் பெண் கெக்கோவுக்கு இப்போது 11 வயது. பெரும்பாலான பதில்கள் சுற்றிச் சுற்றி வெப்பநிலையில் வந்துதான் நிற்கும், ஏனென்றால் இந்த உயிரின் பசி, செரிமானம், சுறுசுறுப்பு, நோய் எதிர்ப்பு எல்லாமே அதைப் பிடித்துத்தான் நடக்கிறது.

கெக்கோன்னா நம்ம சுவத்துல ஓடுற பல்லிதானே? அதையே பிடிச்சு வளர்த்தா என்ன?

சுவரில் ஓடுவதும் கெக்கோதான். 1,500க்கும் மேற்பட்ட இனங்கள் உள்ள பெரிய கூட்டம் அது. ஆனால் வெளியில் திரியும் பல்லியைப் பிடித்து அடைத்தால் அது பயத்திலேயே சாப்பிடாமல் கிடந்து செத்துப்போகும், உடம்பில் ஒட்டுண்ணிகளும் இருக்கும். தயவுசெய்து அதை அதன் போக்கில் விட்டுவிடுங்கள்.

வளர்ப்புக்கென்று கிடைப்பவை பல தலைமுறைகளாகக் கூண்டிலேயே இனப்பெருக்கம் செய்யப்பட்டவை. அவற்றில் அதிகம் பேர் வளர்ப்பது லெபர்டு கெக்கோ, அதாவது சிறுத்தைப் பல்லி. மஞ்சள் உடம்பில் கரும்புள்ளி. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா பக்கத்து வறண்ட பாறை நிலங்கள்தான் இதன் பூர்வீகம். சுவர்ப் பல்லிக்கு இமை கிடையாது, கண்ணை நாக்கால் நக்கித்தான் சுத்தம் செய்யும். லெபர்டு கெக்கோவுக்கு இமை உண்டு, நம்மைப் போலவே கண்ணை மூடித் தூங்கும். விரலில் ஒட்டும் பட்டையும் இல்லை, நகம் மட்டும்தான், அதனால் கண்ணாடியில் ஏற முடியாது.

முதல் தடவை வளர்க்கிறவங்களுக்கு எந்த கெக்கோ சரிப்பட்டு வரும்?

என்னைக் கேட்டால் லெபர்டு கெக்கோ. வளர்ந்த பிறகு தலை முதல் வால் நுனி வரை 18 முதல் 25 செ.மீ., எடை பொதுவாக 45 முதல் 80 கிராம். தரையிலேயே இருக்கும், மெதுவாக நடக்கும், சின்னச் சின்னத் தவறுகளை ஓரளவு தாங்கும்.

இரண்டாவது தேர்வு கிரெஸ்டட் கெக்கோ. நியூ கலிடோனியா தீவைச் சேர்ந்தது, அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்து 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் கலந்து தரும் பழத்தூள் உணவே அதற்குப் பிரதானம் என்பதால் பூச்சியைப் பார்த்தாலே அருவருப்பு வருபவர்களுக்குப் பொருந்தும், ஆனால் 28 டிகிரிக்கு மேல் வெப்பம் நீடித்தால் தாங்காது, ஈரப்பதமும் நிறைய வேண்டும். டோக்கே கெக்கோவின் அழகைப் பார்த்து மயங்கி முதல் கெக்கோவாக அதை வாங்காதீர்கள். கடித்தால் பிடியை விடாது. கீழே வரும் பதில்கள் எல்லாம் லெபர்டு கெக்கோவுக்கு உரியவை, அதையே சுருக்கமாக கெக்கோ என்கிறேன்.

எத்தனை வருஷம் இருக்கும்?

ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் 15 முதல் 20 வருடம். பள்ளிக்கூடம் போகிற பிள்ளைக்கு வாங்கித் தருகிறீர்கள் என்றால், அந்தப் பிள்ளை படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் இது இருக்கும். அப்போது யார் பார்த்துக்கொள்வது என்று இப்போதே பேசிக்கொள்ளுங்கள்.

விஷம் இருக்குமா? கடிச்சா என்ன பண்றது?

எந்த கெக்கோவுக்கும் விஷம் கிடையாது. கடித்தால் அதிகபட்சம் ஒரு கிள்ளு மாதிரி இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் போதும்.

கவனிக்க வேண்டியது வேறு. ஊர்வனவற்றின் குடலில் சால்மோனெல்லா கிருமி சாதாரணமாக இருக்கும், அது அவற்றை ஒன்றும் செய்யாது, நமக்கு வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் வரும். தொட்ட பிறகு, அதை வைத்திருக்கும் கண்ணாடித் தொட்டியில் கை வைத்த பிறகு கட்டாயம் கை கழுவ வேண்டும். தண்ணீர்க் கிண்ணத்தையோ மறைவிடத்தையோ சமையலறைத் தொட்டியில் கழுவக் கூடாது. முத்தம் கொடுக்கவே கூடாது. 5 வயதுக்குட்பட்ட குழந்தைகள், வயதானவர்கள், கர்ப்பிணிகள், எதிர்ப்பு சக்தி குறைந்தவர்கள் வீட்டில் இருந்தால் இன்னும் கவனம் வேண்டும்.

வாங்கும்போது எதைப் பார்த்து வாங்கணும்?

முதலில், உங்கள் நாட்டுச் சட்டம் இதை வளர்க்க அனுமதிக்கிறதா என்று பாருங்கள். அப்புறம், காட்டில் பிடித்ததா, வளர்ப்பில் பிறந்ததா என்று கேளுங்கள். வளர்ப்பில் பிறந்ததை மட்டும் வாங்குங்கள்.

வால்தான் இதன் சேமிப்புக் கிடங்கு, கொழுப்பு அங்கேதான் சேரும். வால் கொழுகொழுவென்று, கழுத்தளவு தடிமனாகவாவது இருக்க வேண்டும். குச்சி மாதிரி இருந்தால் விட்டுவிடுங்கள், பாவம் பார்த்து வாங்கினால் ஆரம்பமே நோயோடுதான். கண் தெளிவாக இருக்கிறதா, ஒரு பாதத்துக்கு 5 விரல் முழுதாக இருக்கிறதா, நடக்கும்போது வயிற்றைத் தரையிலிருந்து தூக்கி நடக்கிறதா என்று பாருங்கள். முடிந்தால் உங்கள் முன்னாலேயே ஒரு பூச்சி போடச் சொல்லுங்கள், ஆரோக்கியமான கெக்கோ பூச்சி அசைந்தால் தலையைத் திருப்பும்.

விதவிதமான கலர்ல வருதே, எதை எடுக்கலாம்?

கலர் உங்கள் விருப்பம், ஆனால் இரண்டு வகைகளை வாங்க வேண்டாம் என்று சொல்வேன். எனிக்மா வகைக்கு நரம்புக் கோளாறு வரும்: தலையைச் சாய்த்து வைத்திருக்கும், ஒரே இடத்தில் சுற்றும், இரையைக் குறிதவறிக் கொத்தும். லெமன் ஃப்ரோஸ்ட் வகையில் பெரும்பாலானவற்றுக்குத் தோலின் நிற அணுக்களில் கட்டி வருகிறது. 2021இல் வெளிவந்த மரபணு ஆய்வு அந்த நிறத்தையும் கட்டியையும் ஒரே மரபணுப் பகுதியோடு இணைத்துக் காட்டியது. அழகுக்காக ஒரு உயிர் காலம் முழுக்க அவதிப்படுவதை என்னால் ஏற்க முடியவில்லை. அல்பினோ வகைகள் பிரச்சினை இல்லை, வெளிச்சம் மட்டும் கண்ணைக் கூசும், அதற்கேற்ப நிழல் கொடுக்க வேண்டும்.

தொட்டி எவ்வளவு பெருசு வேணும்? சின்னக் குட்டிக்குப் பெரிய தொட்டி பயம்னு சொல்றாங்களே?

90 செ.மீ. நீளம், 45 அகலம், 45 உயரம் இருந்தால் நிம்மதி. தரையில் வாழும் உயிர் என்பதால் உயரத்தைவிட நீளம் முக்கியம், நீளம் இருந்தால்தான் ஒரு முனை சூடாகவும் மறுமுனை குளிர்ச்சியாகவும் இருக்க முடியும்.

குட்டி பயப்படுவது தொட்டியின் அளவைப் பார்த்து இல்லை, வெட்டவெளியைப் பார்த்து. மறைவிடங்கள், கல், மரத்துண்டு, இலைக்கொத்து என்று போட்டு நடுவில் ஒளிந்து ஒளிந்து போக வழி செய்தால் குட்டியும் பெரிய தொட்டியில் நன்றாகவே இருக்கும்.

எங்க வீடே சூடாத்தான் இருக்கு, தனியா ஹீட்டர் எதுக்கு?

இதுதான் அதிகம் கேட்கப்படும் கேள்வி. கெக்கோவின் உடம்பு தானாகச் சூடு உண்டாக்காது. சாப்பிட்டது செரிக்க வேண்டுமென்றால் சூடான தரையில் வயிற்றை வைத்துப் படுக்கும், போதும் என்று தோன்றினால் எழுந்து குளிர்ந்த பக்கம் போகும். அந்த இரண்டு பக்கமும் ஒரே தொட்டிக்குள் இருக்க வேண்டும். வீடு முழுக்க ஒரே 30 டிகிரியில் இருந்தால் அதற்குச் சூடாகவும் வழியில்லை, ஆறவும் வழியில்லை.

அளவு இதுதான்: சூடான மறைவிடத்தின் தரை 31 முதல் 33 டிகிரி செல்சியஸ், விளக்கின் நேர் கீழே உள்ள கல் 34 முதல் 36, குளிர்ந்த பக்கம் 24 முதல் 26. இரவில் 20 வரை இறங்கினாலும் பரவாயில்லை. கண்ணாடியில் ஒட்டும் வட்ட வெப்பமானியை நம்பாதீர்கள், அது சுவரோரக் காற்றைத்தான் அளக்கிறது. குறி வைத்து அளக்கும் இன்ஃப்ராரெட் வெப்பமானி ஒன்று வாங்குங்கள், கெக்கோ வயிறு படும் இடத்தை அதில்தான் சரியாக அளக்க முடியும்.

தெர்மோஸ்டாட், அதாவது சூடு அளவைத் தாண்டாமல் ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி, இல்லாமல் எந்த ஹீட்டரையும் போடாதீர்கள். நான் ஆரம்பத்தில் ஹீட் மேட்டை (தொட்டிக்கு அடியில் வைக்கும், மின்சாரத்தில் சூடாகும் விரிப்பு) நேராக பிளக்கில் செருகிவிட்டேன், வாங்கிய இடத்தில் அப்படித்தான் சொன்னார்கள். மூன்றாம் நாள் கெக்கோ குளிர்ந்த பக்கத்து மூலையில் கண்ணாடியோடு ஒட்டிக்கொண்டு நின்றது. அளந்தால் சூடான பக்கத்துத் தரை 43 டிகிரி. தூக்கிப் பார்த்தபோது வயிற்றின் தோல் ஒரு பக்கம் சிவந்திருந்தது. நல்லவேளை, தழும்பாகவில்லை. அன்றைக்கே தெர்மோஸ்டாட் வாங்கினேன்.

பல்பா, ஹீட் மேட்டா, சூடாகும் கல்லா?

மேலிருந்து வரும் சூடுதான் இயற்கைக்குப் பக்கத்தில் இருப்பது, அதனால் பகலில் ஹாலஜன் பல்ப். கீழே ஒரு தட்டையான கல்லை வையுங்கள், பல்ப் அணைந்த பிறகும் அந்தக் கல் கொஞ்ச நேரம் சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், சாயங்காலம் கெக்கோ வந்து அதன்மேல் வயிற்றைப் பரப்பிப் படுக்கும். வீடு இரவில் 20க்குக் கீழே போகும் என்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டரைச் சேர்க்கலாம். ஹீட் மேட் துணைக்கு இருக்கலாம்.

மின்சாரத்தில் சூடாகும் கல் வேண்டவே வேண்டாம். அங்கங்கே அளவுக்கு மீறிச் சுடும், கெக்கோ வயிறு வெந்துபோகும் வரை அதன்மேலேயே கிடக்கும். இரவில் சிவப்பு பல்பும் வேண்டாம். சிவப்பு அதற்குத் தெரியாது என்பது தவறான நம்பிக்கை, இருட்டு அதற்கு இருட்டாகவே இருக்கட்டும்.

யு.வி.பி. விளக்கு கட்டாயமா? அது ராத்திரியில திரியறதுதானே?

யு.வி.பி. என்பது வெயிலில் உள்ள ஒரு வகைப் புற ஊதாக் கதிர். அந்தி நேரத்திலும் விடியற்காலையிலும் நடமாடும் உயிர் இது. அந்த நேரத்து மெல்லிய வெயில் அதன் மேல் படும், பகலிலும் பொந்து வாசலில் வாலையோ காலையோ வெளியே நீட்டி வைத்திருக்கும். யு.வி.பி. இல்லாமலும் வைட்டமின் டி3 (கால்சியம் உடம்பில் சேர உதவுவது) கலந்த கால்சியம் கொடுத்துப் பல வருடம் வளர்த்தவர்கள் உண்டு, ஆனால் குறைந்த சக்தியுள்ள விளக்கு ஒன்று போட்டால் உடம்பு தனக்குத் தேவையான டி3யைத் தானே செய்துகொள்ளும், அளவு கூடிப்போகும் கவலையும் குறையும். நான் போட்டிருக்கிறேன். ஒளிந்துகொள்ள நிழல் இருக்க வேண்டும், விளக்குக் குழாயை வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். வெளிச்சம் தெரிந்தாலும் யு.வி.பி. வருவது குறைந்துவிடும்.

பாலைவனப் பல்லின்னா கீழே மணல் போடலாமா?

அதன் சொந்த ஊர் கல்லும் இறுகிய மண்ணும் கலந்த தரை, படங்களில் பார்க்கும் மணல்மேடு இல்லை. கடைகளில் கால்சியம் மணல் என்று விற்பதைத் தொடவே தொடாதீர்கள். கால்சியம் சுவைக்காக கெக்கோ அதை நக்கித் தின்னும், குடலில் அடைத்துக்கொள்ளும்.

முதல் சில மாதங்களுக்கு வெறும் டிஷ்யூ பேப்பர் போதும். பார்க்க அழகாக இருக்காது, ஆனால் மலம் எப்படி இருக்கிறது, எத்தனை முறை போகிறது என்பது பளிச்சென்று தெரியும். பிறகு சொரசொரப்பான ஓடு பதிக்கலாம், அல்லது உரம் கலக்காத மண்ணோடு கொஞ்சம் மணலும் களிமண்ணும் சேர்த்து இறுக்கமான தரை போடலாம். வெப்பமும் கால்சியமும் சரியாக இருக்கும் வளர்ந்த கெக்கோ கொஞ்சம் மண் விழுங்கினாலும் வெளியேற்றிவிடும். குடலடைப்பு வந்த பல கதைகளில் தரை குளிர்ந்திருந்தது என்பதும் சேர்ந்தே வரும்.

மறைவிடம் ஒண்ணு போதாதா?

மூன்று வேண்டும். சூடான பக்கம் ஒன்று, குளிர்ந்த பக்கம் ஒன்று. ஒன்றே ஒன்று இருந்தால் பாதுகாப்பா, சரியான சூடா என்று அது தேர்ந்தெடுக்க வேண்டியிருக்கும், எப்போதும் பாதுகாப்பைத்தான் தேர்ந்தெடுக்கும். மூன்றாவது ஈரமான மறைவிடம்: மூடியுள்ள டப்பாவில் ஓட்டை போட்டு உள்ளே ஈரமான பாசியோ டிஷ்யூவோ வையுங்கள். தொட்டியின் பொதுவான ஈரப்பதம் 30, 40 சதவீதம் இருந்தால் போதும், தோல் உரிக்க மட்டும் இந்த ஈர டப்பா வேண்டும். டப்பா சூடான பக்கமாக இருக்கட்டும்.

என்ன சாப்பாடு போடறது? பழம், காய்கறி கொடுக்கலாமா?

பூச்சி மட்டும்தான், அதுவும் உயிரோடு. பழம், காய்கறியைச் செரிக்கும் குடல் இதற்கு இல்லை. கிரிக்கெட் பூச்சி, துபியா கரப்பான், மீல்வார்ம் புழு, கருப்பு சோல்ஜர் ஈயின் புழு ஆகியவை அன்றாட உணவு. மெழுகுப்புழு கொழுப்பு மிகுந்தது, எப்போதாவது ஒன்று. தினமும் கொடுத்தால் வேறு எதையும் தொடாமல் அடம்பிடிக்கும்.

அளவுக்கு ஒரு கணக்கு உண்டு, அதன் இரண்டு கண்களுக்கு நடுவே உள்ள இடைவெளியைவிடப் பூச்சி அகலமாக இருக்கக் கூடாது. போடுவதற்கு ஒரு நாள் முன்னால் பூச்சிக்குக் கேரட், கீரை என்று நல்ல தீனி போடுங்கள். பூச்சி தின்றதுதான் கெக்கோவுக்குப் போகிறது, பழமும் காய்கறியும் இப்படித்தான் உள்ளே போக வேண்டும். தோட்டத்தில் பிடித்த பூச்சியில் மருந்து இருக்கலாம், போடாதீர்கள். மின்மினிப் பூச்சி பல்லிகளுக்குக் கொடிய நஞ்சு. தின்னாமல் மிச்சமான கிரிக்கெட்டை எடுத்துவிடுங்கள், அது தூங்குகிற கெக்கோவையே கடிக்கும்.

எத்தனை நாளுக்கு ஒரு தடவை?

குட்டிக்கு தினமும், பாதி வளர்ந்ததற்கு ஒன்றுவிட்டு ஒரு நாள், ஒரு வயதுக்கு மேல் வாரத்துக்கு இரண்டு, மூன்று முறை. வாலைப் பாருங்கள். கழுத்தைவிட மிகவும் பருத்துவிட்டது, முன்னங்காலுக்குப் பின்னால் கொழுப்பு முண்டு தெரிகிறது என்றால் குறையுங்கள். வாரம் ஒருமுறை எடை போட்டு ஒரு நோட்டில் எழுதி வையுங்கள், சமையலறைத் தராசு போதும். பின்னால் நிறைய இடத்தில் அந்த நோட்டு கைகொடுக்கும்.

கால்சியம் பவுடர் அவ்வளவு முக்கியமா?

ஆம். தீனிப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு. கால்சியம் போதாமல் போனால் உடம்பு அதைத் தன் எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். தாடை ரப்பர் மாதிரி மெத்தென்று ஆகும், கால் வளையும், விரல்கள் துடிக்கும். வளைந்த எலும்பு மறுபடி நேராகாது.

ஒரு டப்பாவில் பூச்சியையும் ஒரு சிட்டிகை பவுடரையும் போட்டுக் குலுக்குங்கள், மாவு தூவியது போல் வெளுத்திருந்தால் சரி. யு.வி.பி. இல்லை என்றால் டி3 கலந்தது, இருந்தால் பெரும்பாலும் டி3 இல்லாதது. மல்டிவைட்டமின் வாரம் ஒருமுறை போதும். டி3 இல்லாத சுத்தமான கால்சியம் கொஞ்சம் சின்ன மூடியில் தொட்டிக்குள் வைத்துவிடுங்கள், தேவைப்பட்டால் அதுவே வந்து நக்கிக்கொள்ளும்.

வாங்கி ஒரு வாரம் ஆச்சு, ஒண்ணுமே சாப்பிடலை. செத்துடுமா?

புது இடம், புது வாசனை, தினமும் எட்டிப் பார்க்கும் பெரிய முகம். வளர்ந்த கெக்கோ ஒன்றிரண்டு வாரம் சாப்பிடாமல் இருந்தால் வாலில் உள்ள சேமிப்பு தாங்கும். குட்டியாக இருந்தால் அவ்வளவு நாள் காத்திருக்க முடியாது, 4, 5 நாளைக்கு மேல் போனால் மருத்துவரைப் பாருங்கள்.

பூச்சியை மாற்றிப் பார்ப்பதற்கு முன் சூடான மறைவிடத்தின் தரையை அளந்து பாருங்கள். என்னிடம் இந்தக் கேள்வியோடு வந்தவர்களில் நிறைய பேர் அளந்து பார்த்துவிட்டு 26, 27 என்று சொன்னார்கள், சூட்டைச் சரிசெய்ததும் இரண்டொரு நாளில் சாப்பிட ஆரம்பித்துவிட்டது. தொட்டியின் மூன்று பக்கத்தை அட்டையால் மறையுங்கள், கையில் எடுக்காதீர்கள், விளக்கு அணைந்த பிறகு சாப்பாடு போடுங்கள். குளிர்காலத்திலும் இனப்பெருக்கக் காலத்திலும் வளர்ந்தவை வாரக்கணக்கில் பசி குறைந்து இருப்பது உண்டு. எடை குறையாமல் இருக்கும்வரை பயமில்லை, அதற்குத்தான் நோட்டு.

கையில எடுக்கலாமா? என்னை அடையாளம் தெரியுமா?

முதல் இரண்டு வாரம் வேண்டாம். பிறகு கையைத் தொட்டிக்குள் தரையில் மல்லாத்தி வைத்துச் சும்மா இருங்கள். அது மெதுவாக வரும், ஒரு விரலை நாக்கால் தொட்டுப் பார்க்கும், திரும்பிப் போய்விடும். மறுநாளும் அதேதான். என்னுடையது உள்ளங்கையில் ஏற 5 வாரம் ஆயிற்று. முதலில் ஒரு முன்னங்காலை வைத்தது, கொஞ்ச நேரம் யோசித்தது, பிறகு இன்னொன்று, அதற்குப் பிறகுதான் குளிர்ந்த வயிறு கையில் பட்டது. மேலிருந்து பிடிக்காதீர்கள், பருந்து அப்படித்தான் வரும்.

வாசனையையும் வேளையையும் பழகிக்கொள்ளும், உங்களைப் பார்த்ததும் கண்ணாடி ஓரம் வந்து நிற்கும். நாய், பூனை மாதிரி பாசம் என்று எதிர்பார்த்தால் ஏமாற்றமாக இருக்கும். பயப்படாமல் நம் கையில் உட்கார்ந்திருக்கிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

வாலை ஆட்டுது, சந்தோஷமா கோபமா?

வாலை உயர்த்தி மெதுவாகப் பாம்பு மாதிரி அசைத்தால் பயம் அல்லது மிரட்டல், கையை எடுத்துவிடுங்கள். பூச்சியைப் பார்த்ததும் வால் நுனி மட்டும் படபடவென்று துடித்தால் இரை மேல் பாயப்போகிறது. ஆண் கெக்கோ, பெண்ணைக் கண்டாலும் இப்படி நுனியைத் துடிக்க வைக்கும்.

ஐயோ வால் விழுந்துடுச்சு, இப்போ என்ன பண்றது?

எதிரியிடம் வாலைக் கொடுத்துவிட்டுத் தப்பிக்கும் ஏற்பாடு அது, ரத்தம் அதிகம் வராது, விழுந்த வால் சில நிமிடம் துள்ளும். பயப்படாதீர்கள். மண்ணை எடுத்துவிட்டு டிஷ்யூ விரியுங்கள், தினமும் மாற்றுங்கள், கட்டுப் போட வேண்டாம். காயம் ஆறும்வரை ஈர டப்பாவில் பாசிக்குப் பதில் சுத்தமான ஈர டிஷ்யூ வையுங்கள். வீக்கம், சீழ், நாற்றம் தெரிந்தால் மருத்துவர். சேமிப்பு முழுக்கப் போய்விட்டதால் சாப்பாட்டைக் கொஞ்சம் கூட்டுங்கள். சில வாரங்களில் புது வால் முளைக்கும், உள்ளே எலும்புக்குப் பதில் குருத்தெலும்பு, வெளியே வழவழப்பாக உருண்டையாக இருக்கும். கிரெஸ்டட் கெக்கோவுக்கு மட்டும் வால் போனால் போனதுதான்.

திடீர்னு உடம்பு வெள்ளையா மங்கிப்போச்சு, நோயா?

தோல் உரிக்கப்போகிறது. குட்டிகள் ஒன்றிரண்டு வாரத்துக்கு ஒரு முறை, பெரியவை ஏறக்குறைய மாதம் ஒரு முறை உரிக்கும். ஒரு தடவையாவது உட்கார்ந்து பாருங்கள்: மூக்கைக் கல்லில் தேய்த்து முகத்துத் தோலைக் கிளப்பும், பிறகு கழுத்தை வளைத்துத் தோலை வாயால் பிடித்துச் சட்டையைக் கழற்றுவது போல இழுக்கும், கையுறை உருவுகிற மாதிரி ஒவ்வொரு விரலாக வெளியே வரும், உரித்ததை அப்படியே தின்றுவிடும். தோல் காணோம் என்று தேடாதீர்கள்.

முடிந்ததும் விரல்களைப் பாருங்கள். விரல் நுனியில் தோல் வளையம் மாதிரி ஒட்டிக்கொண்டால் ரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். வயிற்றுக்குக் கீழே நிற்கும் அளவு வெதுவெதுப்பான தண்ணீரில் 15 நிமிடம் நிற்க வைத்து, ஈரப் பஞ்சால் மெதுவாக உருட்டுங்கள். இழுக்காதீர்கள். கண்ணில் ஒட்டியிருந்தால் நீங்கள் கை வைக்க வேண்டாம், மருத்துவர் பார்க்கட்டும். இது அடிக்கடி நடந்தால் ஈர டப்பா காய்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

தனியா இருக்கே பாவம், இன்னொண்ணு வாங்கி ஜோடி சேர்க்கலாமா?

வேண்டாம். அதற்குத் தனிமை ஏக்கம் கிடையாது. இரண்டு ஆண்கள் சண்டையிட்டுக் கொன்றுகொள்ளும், ஆணும் பெண்ணும் என்றால் பெண்ணை விடாமல் தொந்தரவு செய்யும். இரண்டு பெண்கள் ஒன்றன்மேல் ஒன்று படுத்திருப்பதைப் பார்த்துப் பாசம் என்று நினைக்கிறோம், சூடான இடத்துக்கு நடக்கும் போட்டி அது. ஒன்று கொழுக்கும், இன்னொன்று மெலியும்.

ஆணா பெண்ணான்னு எப்படித் தெரியும்? ஆணே இல்லாம என் கெக்கோ முட்டை போட்டுடுச்சே!

ஆணுக்குப் பின்னங்கால்களுக்கு நடுவே தலைகீழ் வி வடிவில் துளை வரிசையும், அதற்குக் கீழே வால் தொடங்கும் இடத்தில் இரண்டு புடைப்பும் தெரியும். 6 மாதத்துக்கு முன்னால் சொல்வது கஷ்டம். முட்டை அடைகாக்கப்படும் வெப்பநிலையே பெரும்பாலும் பாலினத்தை முடிவு செய்கிறது: 26 டிகிரி வாக்கில் பெண், 32 தாண்டினால் பெரும்பாலும் ஆண், 34க்கு மேல் மறுபடி பெண். வெப்பம் எங்கே தொடங்குகிறது பாருங்கள்.

ஆண் இல்லாமலும் பெண் முட்டை போடலாம், வழக்கமாக இரண்டிரண்டாக. அவை பொரிக்காது, எடுத்துவிடலாம். முட்டை போடும் காலத்தில் கால்சியத்தைக் கூட்டுங்கள், ஈர டப்பாவைத் தோண்டும் அளவு ஆழமாக்குங்கள். வயிற்றில் முட்டை தெரிகிறது, நாள்கணக்கில் தோண்டிக்கொண்டே இருக்கிறது, போடவில்லை, சோர்ந்து போகிறது என்றால் அன்றே மருத்துவரிடம் போக வேண்டும்.

நல்லாத்தான் சாப்பிடுது, ஆனா வால் மெலிஞ்சுக்கிட்டே போகுது. ஏன்?

இதை லேசாக எடுத்துக்கொள்ளாதீர்கள். வெப்பம் சரியாக இருந்தும் எடை இறங்கினால் குடலில் ஒட்டுண்ணி இருக்கலாம், அல்லது கிரிப்டோஸ்போரிடியம் என்ற குடலைத் தாக்கும் நுண்ணுயிர் இருக்கலாம். இரண்டாவது கொடியது, நிச்சயமான மருந்து இல்லை, மற்ற கெக்கோவுக்குத் தொற்றும், வழக்கமான கிருமிநாசினிக்கும் அடங்காது. புது மலத்தை மூடிய டப்பாவில் எடுத்துக்கொண்டு ஊர்வன பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் போங்கள். ஆரோக்கியமான மலம் பழுப்பாக, உருண்டு, நுனியில் வெள்ளைத் துண்டோடு இருக்கும். இன்னொரு கெக்கோ வாங்கினால் முதல் 3 மாதம் வேறு அறையில், தனி இடுக்கி, தனிக் கிண்ணத்தோடு வையுங்கள் என்று சொல்வது இதற்காகத்தான்.

வாய் ஓரம் வீக்கம், மூச்சு விடும்போது சத்தம், வாயைத் திறந்தே வைத்திருப்பது, நடக்கும்போது நடுக்கம் ஆகியவையும் காத்திருக்கக் கூடாதவை. கெக்கோ வாங்குவதற்கு முன்பே அப்படிப்பட்ட மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று தேடி வையுங்கள், எல்லா கால்நடை மருத்துவரும் ஊர்வன பார்ப்பதில்லை.

ஒரு வாரம் வெளியூர் போறோம், தனியா விட்டுட்டுப் போகலாமா?

நன்றாக இருக்கும் வளர்ந்த கெக்கோ என்றால் சாப்பாடு இல்லாமல் ஒரு வாரம் இருக்கும். தண்ணீரும் சூடும் இல்லாமல் இருக்காது. யாராவது இரண்டு நாளைக்கு ஒரு முறை வந்து தண்ணீர் மாற்றி, தரையை அளந்து உங்களுக்கு எண்ணை அனுப்பினால் போதும். நீங்கள் இல்லாதபோது உயிருள்ள பூச்சிகளை மொத்தமாகக் கொட்டிவிட்டுப் போகாதீர்கள். குட்டியையும் நோயாளியையும் தனியாக விட முடியாது.

இனிமே பார்த்துக்க முடியலை. வெளியில விட்டுடலாமா?

கூடாது. தலைமுறை தலைமுறையாகத் தொட்டியில் பிறந்தது, சரியான சூடும் ஒளிய இடமும் கிடைக்காமல் சில நாளில் செத்துப்போகும், பிழைத்தாலும் அங்கே உள்ள பல்லிகளுக்குத் தன் கிருமியைப் பரப்பும். முடியாமல் போவது தவறில்லை, வாழ்க்கையில் நிலைமை மாறும். வளர்க்கத் தெரிந்த ஒருவரைத் தேடுங்கள், உங்கள் கெக்கோவைப் பார்த்த மருத்துவரிடமே கேட்கலாம், ஊர்வன மீட்பு அமைப்பு இருந்தால் அங்கே கொடுக்கலாம்.

கொடுக்கும்போது தொட்டி, தெர்மோஸ்டாட், விளக்கு எல்லாவற்றையும் சேர்த்தே கொடுங்கள். கொஞ்சம் அழுக்கான பழைய மறைவிடத்தைக் கழுவாமல் அப்படியே விட்டுவிடுங்கள், புது வீட்டில் தன் வாசனை உள்ள ஒரு பொந்தாவது அதற்கு இருக்கட்டும். எடை எழுதிய நோட்டையும் மறக்காமல் கொடுங்கள்.